கண்ணை மூடாதீர்கள், இது அரசுப் பள்ளி

அரசுப் பள்ளியில் நடக்கக்கூடிய அநியாயங்களிலேயே பெரியது எது? வகுப்பறைக் கூரை பெயர்ந்து விழுவது என்பீர்கள். கணக்கு வாத்தியார் பணியிடம் வருஷக்கணக்கில் காலியாகக் கிடப்பது என்பீர்கள். கழிப்பறையில் தண்ணீர் வராதது என்பீர்கள். உங்களுக்கு உலகம் தெரியவில்லை. இதற்கெல்லாம் இந்த நாட்டில் யாரும் அவசரப்பட்டதில்லை. மத்தியானச் சோறு தின்று கை கழுவிய நாலைந்து பெண் பிள்ளைகள் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, "இயேசப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். கல்வியின் மேல் ஊரில் எத்தனை பேருக்கு உயிர் என்பது அன்றைக்குத் தெரியும்.

சேத்தியாத்தோப்புப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்திவிடும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்குகிறது. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் புங்கமரம். அதன் கீழே ஐந்து பிள்ளைகள், பத்து நிமிஷ ஜெபம். மைக் இல்லை, பாஸ்டர் இல்லை, துண்டுப் பிரசுரம் இல்லை. அந்த வழியாகப் பைக்கில் போகிற அண்ணன் ஒருவர் வண்டியை ஓரங்கட்டிச் செல்போனில் படம் எடுக்கிறார். மதில் சுவர் அந்த இடத்தில் இடிந்து கிடப்பதால் படம் தெளிவாக விழுகிறது. இடிந்த சுவரை அவர் இதுவரை ஒரு படம்கூட எடுத்ததில்லை.

சாயங்காலத்துக்குள் படம் வாட்ஸ்அப் குழுக்களில் ஏறிவிடும். தலைப்பு தயாராக இருக்கிறது: "அரசுப் பள்ளியில் மதமாற்றக் கும்பல்! விழித்தெழு தமிழா!" பதினைந்து வயதுப் பெண் பிள்ளைகள் ஐந்து பேர், அதில் ஒருத்திக்குச் செருப்பு அறுந்திருக்கிறது, அவர்கள்தான் கும்பல். திங்கட்கிழமை கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம். வேட்டியை மடித்துக் கட்டிய ஆறு பேர் மனுவோடு நிற்பார்கள். தங்கள் பிள்ளைகளை மெட்ரிக் பள்ளி வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்திருப்பார்கள். அரசுப் பள்ளியைக் காப்பாற்றுவதற்கு அதில் பிள்ளை படிக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

தலைமை ஆசிரியர் பிள்ளைகளைக் கூப்பிடுவார். நல்ல மனிதர். கோபப்படத் தெரியாது, பயப்படத் தெரியும். "ஏம்மா, ஜெபம் பண்றதுன்னா வீட்ல பண்ணிக்கக் கூடாதா? எனக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான் சர்வீஸ் இருக்கு. பள்ளிக்கூடத்துல மதம் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் தலைக்கு மேலே வெங்கடாசலபதி, வலது பக்கம் சரஸ்வதி, இடது பக்கம் ஒரு நிதி நிறுவனத்தின் முருகன் காலண்டர், மேசைக் கண்ணாடிக்கு அடியில் குலதெய்வம். எல்லோரும் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் மதம் கூடாது என்பது சரிதான். அதனால்தான் நுழைவாயில் ஓரத்தில் பிள்ளையாருக்கு ஒரு சின்னக் கோயில் கட்டியிருக்கிறோம். அவர் மதத்தில் சேர்த்தி இல்லை. வாட்ச்மேனுக்குப் பக்கத்தில் இருப்பதால் பணியாளர் கணக்கு. சரஸ்வதி பூஜைக்கு வகுப்புக்கு வகுப்பு வசூல். செபாஸ்டியனும் பத்து ரூபாய் கொடுக்கிறான், அப்துல்லாவும் பத்து ரூபாய் கொடுக்கிறான். பொரி, கடலை, அவல், வாழைக்கன்று. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், மைக்ராஸ்கோப்புக்குக் குங்குமம், உயிரியல் ஆய்வகத்து எலும்புக்கூட்டுக்கும் மறக்காமல் ஒரு பொட்டு. பரிணாமப் பாடம் அடுத்த வாரம் நடக்கும். பொதுத்தேர்வுக்கு முன்னால் ஹால் டிக்கெட்டையெல்லாம் கட்டாகக் கட்டிப் பிள்ளையார் காலடியில் வைத்து எடுத்துக் கொடுப்பார்கள். இதில் எதுவும் மதம் இல்லை. இது பண்பாடு, இது பாரம்பரியம், இது "எல்லாரும் சேர்ந்து ஜாலியாப் பண்றது சார்." மதம் என்பது புங்கமரத்தடியில் மட்டும் இருக்கிற ஒரு வியாதி.

1968-லேயே அண்ணா ஆட்சி அரசு அலுவலகங்களில் சாமி படங்கள் வேண்டாம் என்று உத்தரவு போட்டது. அதன் பிறகு தமிழ்நாட்டை நெடுங்காலம் ஆண்டது அண்ணாவின் பெயரைச் சொன்னவர்கள்தான். அவர் படத்தையும் மாட்டினார்கள், அவர் வேண்டாம் என்ற படங்களையும் பக்கத்திலேயே மாட்டினார்கள். அரசு அலுவலகத்தில் ஆயுத பூஜை கூடாது என்று ஒருவர் வழக்குப் போட்டார். செய்கிற வேலைக்கும் கருவிக்கும் மரியாதை காட்டுவது மதச்சார்பின்மைக்கு விரோதமாகாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்பு. கருவிக்கு மரியாதை காட்டலாம் என்றால், பரீட்சைக்குப் பயந்து தன் நெஞ்சைத் தேற்றிக்கொள்கிற பிள்ளைக்கும் கொஞ்சம் காட்டலாமே. அதுவும் மைக்ராஸ்கோப் அளவுக்கு வேலை செய்கிறது.

அரசமைப்புச் சட்டத்தில் இதற்கு ஒன்றும் குழப்பமே இல்லை. 28-ஆவது பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மத போதனை கூடாது என்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில்கூட, சம்மதம் இல்லாமல் ஒருவரை மத போதனையிலோ வழிபாட்டிலோ உட்கார வைக்கக் கூடாது, சிறுவராக இருந்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. 25-ஆவது பிரிவு, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டு எந்த மனிதரும் தம் மனச்சாட்சிப்படி நம்பவும் நடக்கவும் சொல்லவும் உரிமை உண்டு என்கிறது. ஓட்டுரிமைக்கு வயது வரம்பு உண்டு, மனச்சாட்சிக்கு இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கடைசி பெஞ்சுக்கும் விளங்கும்: அரசு கும்பிடக் கூடாது, பிள்ளை கும்பிட்டுக்கொள்ளலாம். நாம் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அரசு மேளதாளத்தோடு கும்பிடுகிறது. பிள்ளை உதட்டை அசைத்தால் விசாரணை வருகிறது.

பிள்ளையின் வாயை அரசு எவ்வளவு தூரம் திறந்து பார்க்கலாம் என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. 1985-ல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். குற்றம்: தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் வாய் திறந்து பாடவில்லை. பாடுவது தங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்றார்கள். 1986 ஆகஸ்டில், பிஜோ இமானுவேல் வழக்கில், நீதிபதி சின்னப்ப ரெட்டி தலைமையிலான அமர்வு அந்தப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. சகிப்பைத்தான் நம் மரபும் தத்துவமும் அரசமைப்பும் சொல்லித் தந்திருக்கின்றன, அதை நீர்த்துப்போக விடாதீர்கள் என்று நீதிபதி முடித்தார். நாம் அவர் சொல்லைத் தட்டவில்லை. நீர்த்துப்போகவெல்லாம் விடவில்லை, மொத்தமாகக் கொட்டிவிட்டோம்.

இனி இப்படிப்பட்ட குழப்பங்கள் வராமலிருக்கக் கல்வித் துறைக்கு என்னால் ஆன உதவி, ஒரு மாதிரிச் சுற்றறிக்கை. தேதி மட்டும் போட்டுக்கொண்டால் போதும்.

பொருள்: பள்ளிக் கல்வி – அரசுப் பள்ளிகள் – மாணவ மாணவியர் கண்களை மூடுதல் – நெறிமுறைகள் வழங்குதல் – தொடர்பாக.

பார்வை: 1. வாட்ஸ்அப் காணொளி. 2. அதே காணொளி, பயமுறுத்தும் பின்னணி இசையுடன்.

1. பள்ளி வேலை நேரத்தில் மாணவர்கள் கண்களைத் திறந்தே வைத்திருத்தல் வேண்டும். தும்மல், தூசி, தூக்கம் ஆகிய காரணங்களுக்கு விலக்கு உண்டு. தூங்கும் மாணவர்கள் தூங்குவதாகவே தோற்றமளிக்க வேண்டும். உதடு அசையலாகாது.

2. மூவருக்கு மேல் வட்டமாக அமரலாகாது. வட்டம் கணிதப் பாடத்துக்கு மட்டுமே உரியது. அதை நடத்துவதற்கான ஆசிரியர் நியமிக்கப்பட்டதும் தனியே தெரிவிக்கப்படும்.

3. நெற்றியில் உள்ளதைக் கண்டுகொள்ளத் தேவையில்லை. கழுத்தில் தொங்குவதைப் படமெடுத்துத் துறையின் எமிஸ் தளத்தில் அன்றன்றே பதிவேற்ற வேண்டும்.

4. தேர்வறையில் "கடவுளே" என்று முனகும் மாணவர்கள், எந்தக் கடவுள் என்பதை விடைத்தாளின் முகப்பில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

5. சரஸ்வதி பூஜை மதம் சாராத நிகழ்வு என்பதால் எல்லா மத மாணவர்களிடமும் பாகுபாடின்றி வசூலிக்கப்பட வேண்டும்.

6. கூரை ஒழுகும் வகுப்பறைகளில் மாணவர்கள் அண்ணாந்து பார்ப்பதைப் பிரார்த்தனையாகக் கருத வேண்டியதில்லை.

சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். வடக்கே இதைவிடச் சிரிப்பான உத்தரவுகள் முத்திரையோடு வந்திருக்கின்றன. உத்தரப் பிரதேசம் பிலிபித் மாவட்டத்தில் 2019-ல் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 2022 டிசம்பரில் பரேலி மாவட்டத்தில் இன்னொரு பள்ளித் தலைமைக்கும் அதே கதி. இரண்டிடத்திலும் காலை வணக்கத்தில் பிள்ளைகள் பாடியது ஒரே பாட்டு; கவிஞர் இக்பால் குழந்தைகளுக்காக எழுதிய பிரார்த்தனைப் பாட்டு. 'சாரே ஜஹான் சே அச்சா' எழுதியவரும் அதே இக்பால்தான். அணிவகுப்பில் பேண்டு வாத்தியம் வாசித்தால் தேசபக்தி, பள்ளிக்கூட மைதானத்தில் குழந்தை பாடினால் பணியிடை நீக்கம்.

கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் நல்லேப்பிள்ளி அரசு நடுநிலைப் பள்ளியில் 2024 டிசம்பரில் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் கொண்டாடினார்கள். விசுவ ஹிந்து பரிஷத்காரர்கள் மூன்று பேர் உள்ளே புகுந்து, கிருஷ்ண ஜயந்தி கொண்டாடாமல் இது என்ன என்று ஆசிரியர்களை மிரட்டிக் கைதானார்கள். உடனே இடதுசாரி இளைஞர் ஒரு பக்கம், காங்கிரஸ் இளைஞர் ஒரு பக்கம் என்று பள்ளி வாசலில் கரோல் பாடக் கிளம்பிவிட்டார்கள். மார்க்ஸின் பேரப்பிள்ளைகளைக் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்துக்குத் தள்ளிய பெருமை பரிஷத்தையே சேரும். இத்தனை வருஷ ஊழியத்தில் எந்தப் பாஸ்டராலும் முடியாத காரியம்.

நம் ஊர் ஒன்றும் யோக்கியம் இல்லை. 2024 ஆகஸ்ட் 28 அன்று சென்னை அரசுப் பள்ளிகளில் மகாவிஷ்ணு என்ற ஆன்மிகப் பேச்சாளர் மேடையேறினார். முன்ஜென்மப் பாவத்தால்தான் இந்த ஜென்மத்தில் உடல் குறையோடு பிறக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தார். கேட்டுக்கொண்டிருந்த பார்வை மாற்றுத்திறனாளி ஆசிரியர் ஒருவர் எழுந்து எதிர்த்துக் கேட்டார். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரே கண் அவருடையதுதான். செப்டம்பரில் காணொளி பரவியது. அதன் பிறகுதான் அரசுக்குக் காது கேட்டது. தலைமை ஆசிரியர்கள் இடமாற்றப்பட்டார்கள், பேச்சாளர் கைதானார். சரியான நடவடிக்கை. ஆனால் கேளுங்கள்: அவருக்கு மைக் கொடுத்தது பள்ளி, மேடை கொடுத்தது பள்ளி, பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தது பள்ளி. 28-ஆவது பிரிவு தடுக்க நினைத்தது இதைத்தான். புங்கமரத்தடியில் மைக்கும் இல்லை, மேடையும் இல்லை, யாரும் யாரையும் உட்கார வைக்கவும் இல்லை.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் உடன் படித்த பிள்ளைகளே ஒரு தலித் மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதையொட்டி அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம், நெற்றிக்குறி பள்ளியில் வேண்டாம் என்று அதில் ஒரு பரிந்துரை. உடனே சிலருக்கு நெற்றி எரிந்தது. நெற்றியைப் பற்றிப் பேசியவர்கள் அரிவாளைப் பற்றி அதே சத்தத்தில் பேசியிருந்தால் அந்தக் குழுவே தேவைப்பட்டிருக்காது.

எல்லாம் சரி, கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக இருக்கிற நாட்டில் எப்படி என்று கேட்பீர்கள். அங்கே அவர்கள்தான் நம் ஊர் ஆறு வேட்டிகள்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் தானே ஒரு பிரார்த்தனையை எழுதிப் பள்ளிகளில் சொல்ல வைத்தது. மொத்தம் 22 ஆங்கிலச் சொற்கள். 1962-ல் எங்கெல் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பிரார்த்தனை எழுதிக் கொடுப்பது அரசாங்கத்தின் வேலை கிடையாது என்று தள்ளிவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை, "பள்ளியை விட்டுக் கடவுளைத் துரத்திவிட்டார்கள்" என்று ஒரு கூட்டம் மாரடித்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் யாரும் யாரையும் துரத்தவில்லை. 1984-ல் வந்த சட்டம், மாணவர்கள் தாமாக நடத்தும் மற்ற மன்றங்களுக்கு இடம் கொடுக்கும் மேல்நிலைப் பள்ளி, ஜெப மன்றத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்றது. 1990-ல் டெக்சாஸ் மாநிலம் பர்லசனில் மாணவர்கள் பள்ளிக் கொடிக்கம்பத்தைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். அது இன்று உலகம் முழுக்க வருஷத்துக்கு ஒருநாள் நடக்கிறது. பிள்ளைகள் கூடினார்கள், ஜெபித்தார்கள், கலைந்தார்கள். குடி முழுகவில்லை.

அது போதவில்லை பெரியவர்களுக்கு. லூசியானா 2024-லும் டெக்சாஸ் 2025-லும் வகுப்பறைதோறும் பத்துக் கட்டளைகளைத் தொங்கவிடச் சட்டம் போட்டன, வழக்குகள் தொடரப்பட்டன. களவு செய்யாதே என்று சுவரில் எழுதிவிட்டால் அரசியல்வாதிகளின் பிள்ளைகளாவது திருந்துவார்கள் என்ற நல்லெண்ணமாக இருக்கலாம். இதற்கு முன்பே 2016-ல் வந்தது அசல் அங்கதம். எல்லா மன்றத்துக்கும் இடம் உண்டு என்றால் எங்களுக்கும் கொடுங்கள் என்று 'சாத்தான் கோயில்' என்ற அமைப்பு பள்ளி முடிந்த பிறகு சாத்தான் மன்றம் நடத்தக் கிளம்பியது. கதவைத் திறக்கச் சொல்லி ஐம்பது வருஷத்துக்கும் மேலாகத் தட்டியவர்களுக்கு, சாத்தான் பின்னாலேயே நுழைந்ததும்தான் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு என்ற ஞாபகம் வந்தது.

இங்கிலாந்து இன்னும் ரசமான ஊர். அங்கே அரசுப் பள்ளிகளில் தினமும் கூட்டு வழிபாடு நடத்த வேண்டும், அது பெரும்பாலும் கிறிஸ்தவத் தன்மையோடு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதே நாட்டில், லண்டனின் மைக்கேலா பள்ளியில் முஸ்லிம் பிள்ளைகள் சிலர் 2023-ல் மத்தியான இடைவேளையில் கோட்டைக் கழற்றித் தரையில் விரித்துத் தொழுதார்கள். பள்ளி தடை போட்டது. 2024 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் தடை செல்லும் என்றது. அரசு வழிபாட்டைச் சட்டமாக்கிய நாடு, பிள்ளையின் வழிபாட்டை வழக்காக்கிவிட்டது. சேத்தியாத்தோப்புத் தலைமை ஆசிரியருக்கு லண்டனில் இத்தனை சொந்தக்காரர்கள் இருப்பது அவருக்கே தெரியாது.

நம் ஊர்ச் சபைகளுக்கும் ஒரு வார்த்தை. புங்கமரத்தடிப் பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்பட்டதும் கண்ணீரோடு ஓடி வரப்போகிற ஊழியக்காரர்களே, கொஞ்சம் நில்லுங்கள். அந்தப் பிள்ளைகள் உங்கள் அறுவடை இல்லை. பரீட்சை நேரத்தில் பிள்ளையின் பயத்தை மூலதனமாக்கி, எண்ணெய் தடவிய பேனாவும் காணிக்கைக் கவரும் கொடுக்கிற உங்கள் விசேஷக் கூட்டத்துக்கும், தலைமை ஆசிரியரின் ஹால் டிக்கெட் பூஜைக்கும் நடுவில் இருப்பது ஒரு ஒலிபெருக்கி வித்தியாசம்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில் 2022-ல் ஓர் அரசுப் பள்ளித் தையல் ஆசிரியை, வகுப்பில் மதம் பரப்பினார் என்ற புகாரில் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு யார் மதம் பேசினாலும் நடவடிக்கை எடுக்கத்தான் வேண்டும். மார்க் போடுகிற கை எந்தச் சாமியைக் காட்டினாலும் பிள்ளை மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சட்டத்தை அல்லேலூயாவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு அரோகராவுக்கு விடுமுறை கொடுக்காதீர்கள்.

ஜெப சுதந்திரம் பற்றி மாநாடு போடுகிறவர்கள் விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைப் பக்கமாக எறையூருக்கு ஒருமுறை போய்வரலாம். ஒரே திருச்சபை, ஒரே ஜெபமாலை, ஒரே மாதா. ஆனால் கோயிலுக்குள் சமமாக இருக்க முடியாமல் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் கலவரம், வீடுகள் மேல் தாக்குதல், போலீஸ் துப்பாக்கிச் சூடு, இரண்டு உயிர். ஞானஸ்நானத் தண்ணீருக்கு ஆதிபாவத்தைக் கழுவும் சக்தி உண்டு என்கிறார்கள். தென்னாற்காட்டுச் சாதியை அது தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஐந்து பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டவர் விளையாட்டாகப் போட்டிருக்கலாம். அதன் விலை அவருக்குத் தெரியாது. இந்தப் பக்கத்துக் காலனிகளில் பள்ளியில் ஒரு பெயர், சபையில் ஒரு பெயர் என்று இருக்கிற பிள்ளைகள் உண்டு. சான்றிதழில் 'இந்து ஆதிதிராவிடர்', ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறு. இது ஏமாற்று என்று புருவத்தை உயர்த்துவதற்கு முன்னால் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையைப் படியுங்கள். இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது அது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியேதான். கிறிஸ்தவராக மாறிய தலித் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். பட்டியல் சாதித் தகுதி கொடுங்கள் என்று 2023 ஏப்ரலில் சட்டமன்றம் தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பியது. டெல்லியில் தீர்மானங்களை வைக்கத் தனியாக ஓர் இடம் இருக்கும் போலிருக்கிறது.

2024 நவம்பரில் பக்கத்துப் புதுச்சேரியிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஞானஸ்நானம் பெற்றுத் தேவாலயத்துக்குப் போய்வருகிற ஒருவர், நம்பிக்கை இல்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசமைப்பின் மேல் செய்யும் மோசடி என்றது. சட்டம் தன் வேலையைச் செய்கிறது. இப்போது அந்தப் புங்கமரத்தடிப் படத்தைத் திரும்பப் பாருங்கள். தாசில்தார் அலுவலகத்தில் யாராவது ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தால், பத்து நிமிஷம் கண்ணை மூடியதற்கு ஒரு பிள்ளையின் கல்லூரி இடமும் உதவித்தொகையும் பதில் சொல்ல வேண்டிவரும். ஒரு பிள்ளையின் ஜெபத்துக்கு இது மிகப் பெரிய காணிக்கை.

மதம் மாறினால் சாதி போய்விடும் என்று சட்டம் மனப்பூர்வமாக நம்புகிறது. யாராவது இந்தச் சந்தோஷமான செய்தியை ஊர்த் தெருவுக்குச் சொன்னால் தேவலை. அங்கே இன்னும் தகவல் வந்து சேரவில்லை. கும்பிடப் போன நந்தனைத் தீயில் இறங்கிவிட்டு வரச் சொன்ன மண் இது. அவருடைய ஊரான ஆதனூர் பக்கத்தில்தான் இருக்கிறது. சுவாமி சகஜானந்தா வந்து 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் பேரிலேயே பள்ளிக்கூடம் தொடங்கினார். கோயில் கதவு திறக்கும்வரை காத்திருக்காமல் அவர் பள்ளிக் கதவைத் திறந்தார். நூறு வருஷம் கழித்துப் பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு, உள்ளே எந்தச் சாமியைக் கூப்பிடுகிறாய் என்று கேட்கிறோம்.

சரி, அந்தப் பிள்ளைகள் என்னதான் ஜெபித்தார்கள்? படம் எடுத்தவரும் கேட்கவில்லை, மனுக் கொடுத்தவர்களும் கேட்கவில்லை, தலைமை ஆசிரியரும் கேட்கவில்லை. யாரிடம் கேட்டார்கள் என்பதில்தான் எல்லோருக்கும் கவலை. என்ன கேட்டார்கள் என்பதில் ஒருவருக்கும் இல்லை.

நான் சொல்கிறேன், இது கற்பனைதான், ஆனால் இந்த ஊரைத் தெரிந்தவர் எவரும் மறுக்க மாட்டார். ஒருத்தி கணக்கில் பாஸாக வேண்டும் என்று கேட்டிருப்பாள்; கணக்கு வாத்தியார் இல்லாத வகுப்பில் பாஸாவதற்குத் தெய்வச் செயல் தவிர வேறு வழி கிடையாது. ஒருத்தியின் அப்பா கரும்பு வெட்டிப் போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கிறார். ஒருத்தியின் அம்மா விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக்கு வர்ணம் தீட்டப் போகிறாள். கொலுவுக்கு மீனாட்சி, குடிலுக்கு மாதா, ஒரே சூளை, இரண்டு சாமிக்கும் ஒரே கூலி. அந்தக் கூலி போதவில்லை என்பதில் மதப் பாகுபாடே கிடையாது. ஒருத்தி, சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நிற்கிற பையன்கள் இன்றைக்கு நிற்காமல் இருக்க வேண்டும் என்று கேட்டிருப்பாள்.

ஐந்தாவது பிள்ளை வளையமாதேவிக்காரி. 2023 ஜூலையில் பரவனாற்று வாய்க்கால் வெட்ட, மத்திய அரசின் நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் எந்திரங்கள் கதிர் வாங்கப்போகிற நெல்வயலுக்குள் இறங்கிய ஊர் அது. காலில் ஒரு நெல்மணி பட்டால் மகாலட்சுமி என்று கண்ணில் ஒற்றிக்கொள்கிற நாடு. அன்றைக்கு ஏக்கர் கணக்கில் மகாலட்சுமி சங்கிலிச் சக்கரத்துக்கு அடியில் போனாள். நிலம் போனது பற்றி உழவர்கள் அழுதார்கள், கட்சிகள் மறியல் செய்தன. ஆனால் புங்கமரத்தடிக்கு ஓடி வருகிற எந்த மதக் காவலரின் உணர்வும் அன்று புண்பட்டதாகக் காதில் விழவில்லை. லட்சுமி மேல் எந்திரம் ஏறினால் வளர்ச்சி; ஒரு பெண் பிள்ளை இயேசப்பா என்றால் நாட்டுக்கு ஆபத்து.

இந்தப் பிள்ளைகளின் கோரிக்கைகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். வாத்தியார், கரும்புப் பணம், கூலி, பாதுகாப்பு, நிலம். இதில் பரலோகத்தின் அதிகார வரம்புக்குள் வருவது ஒன்றுகூட இல்லை. ஒன்று கல்வித் துறை, ஒன்று சர்க்கரைத் துறை, ஒன்று தொழிலாளர் துறை, ஒன்று காவல் துறை, ஒன்று டெல்லி. உங்கள் அலுவலகங்களில் கொடுத்த மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு மட்டும்தான் வந்தது. அதனால் பிள்ளைகள் மேலிடத்துக்கு மனுப் போட்டிருக்கிறார்கள். கேட்டதைக் கொடுக்க வக்கில்லாதவர்கள், அவர்கள் எந்த அலுவலகத்தில் மனுக் கொடுக்கிறார்கள் என்று பார்க்க மதில் சுவரில் ஏறாதீர்கள். ஏறித்தான் ஆக வேண்டுமென்றால், இறங்கும்போது அந்தச் சுவரையாவது கட்டிவிட்டுப் போங்கள்.